‘சைட் தெரியல’ என்பதற்கு எத்தனை அர்த்தம்?

‘சைட் தெரியல’ என்ற இரண்டு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில்.

செங்கல்பட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மறைமலைநகரிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் இருக்கிற சின்னச் சின்ன தொழில்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்து, அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது வேலை. முதலாளி கணேசன் அண்ணன் வெளியே போய் ஆர்டர் பிடிப்பார். உள்ளே உட்கார்ந்து போன் எடுப்பது நான். நீங்கள் ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போதெல்லாம், மறுமுனையில் இருக்கும் சர்வர் ஒரு மூன்று இலக்க எண்ணோடுதான் பதில் சொல்லும். இருநூறில் ஆரம்பித்தால் நல்ல செய்தி. முந்நூறு என்றால் வேறு இடத்துக்குப் போ. நானூறு என்றால் கேட்டதில் ஏதோ கோளாறு. ஐந்நூறு என்றால் சர்வரிடமே கோளாறு.

பாடம் இவ்வளவுதான். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தேன். ஆனால் போன் செய்கிறவர்கள் எண்ணைச் சொல்வதில்லை. “என்னமோ இங்கிலீஷ்ல வருது” என்பார்கள். “அந்த இங்கிலீஷைக் கொஞ்சம் படிங்களேன்” என்றால், “அதுக்குள்ள மூடிட்டேனே” என்பார்கள். இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து இதே மாதிரி போனை எடுக்கும் சக துயர்வாசிகளே, உங்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. இருந்தாலும் நம் கஷ்டத்தை நாம்தானே பேசிக்கொள்ள வேண்டும்?

சுவரில் எழுதிய முகவரி

கோவளத்தில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் அந்தோணி அண்ணன் ஒரு நாள் காலையில் போன் செய்தார். குரலே சரியில்லை. “இன்னாம்மா, என் சைட்டு செத்துப்போச்சா? காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாம் ஒண்ணுமே இல்லன்னு சொல்றாங்க.” நான் திறந்து பார்த்தேன். அலை, பலகை, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அந்தோணி அண்ணன் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. “எந்த முகவரியைப் போட்டுப் பார்த்தாங்க?” என்று கேட்டேன். “செவுத்துல எழுதிக்கீறதுதான்” என்றார். போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். கடற்கரையைப் பார்த்த முழுச் சுவரிலும் ஆள் உயர எழுத்தில், நீலமும் மஞ்சளுமாக, அழகாக எழுதியிருந்தது. முகவரியின் கடைசியில், ‘வகுப்புகள்’ பக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்து குறைந்திருந்தது.

இதுதான் 404. செத்துப்போன சர்வர் பதில் சொல்லாது. 404 சொல்கிற சர்வர் உயிரோடு, சுறுசுறுப்பாக இருக்கிறது. ‘நீ கேட்டது என்னிடம் இல்லையே’ என்கிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அந்தோணி அண்ணனுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வரவில்லை. ஏனென்றால் சுவரை எழுதியது அவருடைய மச்சான். வலை இழுக்கப் போவதை விட்டுவிட்டு பெயின்ட் வேலையில் இறங்கியிருக்கும் மச்சானுக்கு அதுதான் முதல் சுவர். நடுவில் ஒரு எழுத்தை நுழைக்க வேண்டுமென்றால் பாதிச் சுவரை அழிக்க வேண்டும். “அவன் கையில போய் தப்புன்னு எப்படிம்மா சொல்றது? ஊரே வந்து பார்த்துட்டுப் போவுது.”

நான் அவரை அப்படியே போனில் இருக்கச் சொன்னேன். அந்தத் தப்பான முகவரிக்கு யார் வந்தாலும் சரியான பக்கத்துக்குக் கூட்டிப்போகும்படி ஒரே ஒரு வரி எழுதினேன். “இப்ப பாருங்க அண்ணே” என்றேன். சுவரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்புச் சத்தம். “தப்பா வந்தவனுக்கும் ஒரு வழி கட்டிக் குடுத்துட்டியேம்மா. இனிமே செவுத்துல கைய வெக்க மாட்டேன், அது சரியாத்தான் கீது!”

கயிறு

மாமல்லபுரத்தில் பாஸ்கர் என்று ஒரு சுற்றுலா வழிகாட்டி. பிரெஞ்சு பேசுவார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவருடைய வெப்சைட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் அவருக்காகவே வந்திருந்த ஒரு குடும்பம், காலை நாஸ்தா சாப்பிடும்போது அவர் சைட்டைத் திறந்திருக்கிறது. திரையில் கொட்டை எழுத்தில் ‘Forbidden’. அந்தக் குடும்பத்தின் பெரியவர் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, “உங்களைத் தடை செய்துவிட்டார்களா?” என்று கேட்டாராம். பாஸ்கர் அங்கிருந்து எழுந்து வெளியே வந்து எனக்குப் போன் செய்தார். “மேடம், எனக்கு லைசென்ஸ் கீது. யாரு மேடம் என்னைத் தடை பண்ணது?”

அது 403. அதற்கு அக்கா 401. ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்ல அவருடைய தொழிலையே எடுத்துக்கொண்டேன். “டிக்கெட் இல்லாம வந்தா ‘டிக்கெட் எங்கே’ன்னு கேட்பாங்களே, அது 401. டிக்கெட் வெச்சிருந்தாலும் ‘இந்தப் பக்கம் யாரையும் விடமாட்டோம்’னு சொன்னா அது 403.” பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். ஹேக் செய்யாமல் தடுப்பது எப்படி என்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, எல்லா ஃபைலையும் சொந்தக்காரர் மட்டுமே படிக்கலாம் என்று அவரே மாற்றி வைத்திருந்தார். திருடன் வரக்கூடாதென்று போட்ட பூட்டில் விருந்தாளியும் மாட்டிக்கொண்டார்.

திருப்பி மாற்றி வைத்ததும் சைட் வந்துவிட்டது. விருந்தாளிகளுக்கு அவர் பிரெஞ்சில் என்ன விளக்கம் சொன்னாரோ தெரியாது, போனில் எல்லாரும் சேர்ந்து சிரிப்பது மட்டும் கேட்டது. சிரிப்பு அடங்கியதும் என்னிடம் சொன்னார்: “கோயில் பார்க்க வர்றவங்க கிட்ட எல்லாம் ‘கயிறு தாண்டாதீங்க, கயிறு தாண்டாதீங்க’ன்னு கத்திகினே கீறவன் மேடம் நான். கடைசில என் வாசல்ல நானே கயிறு கட்டிகினு நின்னுட்டேன் பாருங்க.”

கையை எடுங்க

எங்கள் மாடிப்படிக்குப் பக்கத்திலேயே ஒரு ஜெராக்ஸ் கடை, உள்ளே நாலைந்து கம்ப்யூட்டர். காலேஜ் கவுன்சிலிங் முடிவு வரும் நாளில் கடைக்காரர் மாடிக்கு ஓடி வந்தார். “மேடம், எங்க கடையை மட்டும் பிளாக் பண்ணிட்டாங்க! எதிர்க்கடையில வருது!” கீழே போய்ப் பார்த்தால், உள்ளே இருந்த ஒவ்வொரு கையும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ். கம்ப்யூட்டரில் அப்பாக்கள், கடையின் வைஃபையில் அம்மாக்கள், மாமாக்கள். திரையில் 429.

சர்வர்களின் பதில்களிலேயே ரொம்ப மனிதத்தனமானது இதுதான். ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய், கொஞ்சம் சும்மா இரு’ என்கிறது. ஒரே இணைப்பிலிருந்து இத்தனை பேர் அடித்தால் அதற்கு ஒரே ஆள் வெறி பிடித்துத் தட்டுகிற மாதிரிதான் தெரியும். எல்லாரையும் கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள், ஒரு அப்பாவைத் தவிர. கம்பெனி யூனிஃபார்மில் இருந்தார், ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற மகள், “அப்பா, ப்ளீஸ்ப்பா” என்றாள். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் சொன்னபடி மகள் ஒரே ஒரு தரம் தட்டினாள். பக்கம் திறந்தது. அவள் கேட்ட பாடம், அவள் கேட்ட காலேஜ். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா இன்னும் கையை எடுக்காமலே, அழுகையும் கோபமுமாக என்னைப் பார்த்துச் சொன்னார்: “கையை எடுத்தாதான் வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தா காலையிலேயே எடுத்திருப்பேனேம்மா!”

நிக்கவா, போவவா?

மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு, ஷிஃப்ட் பஸ் எந்த வழியாக எத்தனை மணிக்கு வரும் என்று காட்டும் பக்கம் ஒன்று செய்து கொடுத்திருந்தோம். நல்ல மழைநாள். தண்ணீர் தேங்கிய ரோடுகளைத் தவிர்க்க வழியெல்லாம் மாற்றி, கம்பெனியின் போக்குவரத்து சூப்பர்வைசர் புதுப் பட்டியலை அவசர அவசரமாக ஏற்றினார். அதில் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் விழுந்திருந்தது. பக்கத்தை ஓட்டும் நிரல் அதைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் 500. ‘என்னிடம்தான் கோளாறு, ஆனால் என்னவென்று கேட்காதே’ என்று சர்வர் கையை விரிக்கும் எண் அது.

பக்கத்தின் அடியில் இருந்த உதவி எண் எங்களுடையது. போன் அடித்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த பெண். மழைச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார். கூட இன்னும் சில பெண்கள் இருப்பது கேட்டது. நான் பழக்கதோஷத்தில், “சைட்ல ஒரு சின்ன டெக்னிகல் பிரச்சினை, பார்த்துட்டிருக்கோம்” என்றேன். “அதெல்லாம் சரி மேடம். இங்க முட்டி வரைக்கும் தண்ணி. நாங்க நிக்கவா, வூட்டுக்குப் போவவா? அத சொல்லுங்க முதல்ல.” சூப்பர்வைசரைக் கூப்பிட்டு பஸ் எங்கே என்று கேட்டேன். அவர், “ப்ராப்ளம்னு எதுவும் போட்டுடாதீங்க மேடம், மேல இருக்கறவங்க என்னைத்தான் கேட்பாங்க” என்றார். “சார், தண்ணியில நிக்கறவங்க என்னைக் கேக்கறாங்க” என்றேன். உடனே அவர் டிரைவர்களையே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எந்த பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார். நல்ல மனுஷன்தான், பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

500ஐ எடுத்துவிட்டு 503 போட்டேன். ‘இப்போது முடியவில்லை, சற்று நேரம் கழித்து வா’ என்று அர்த்தம். எப்போது திரும்பி வரலாம் என்று சொல்வதற்கும் அதில் இடம் உண்டு. அந்தப் பக்கத்திலேயே தமிழில் பெரிய எழுத்தில், ‘பக்கம் சரியாகிக்கொண்டிருக்கிறது. பஸ்கள் ஜிஎஸ்டி ரோடு வழியாகத்தான் வருகின்றன, தாமதமாகும். மெயின் ரோட்டில் மேடான இடத்தில் நில்லுங்கள்’ என்று எழுதினேன். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுச் சொன்னேன். பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தபோது மறுபடி அதே எண்ணிலிருந்து போன். இப்போது மழைச் சத்தம் இல்லை, பஸ் எஞ்சின் சத்தம். “ஏறிட்டோம் மேடம், எல்லாரும் ஏறிட்டோம். சைட்டு அது பாட்டுக்கு எப்ப வேணா வரட்டும்.”

தற்காலிகமா, நிரந்தரமா?

நளினி ஒரு பிசியோதெரபிஸ்ட். மாமல்லபுரத்தில் கணவர் வீட்டின் முன்பகுதியில் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தார். வலை இழுத்துத் தோள் பிடித்துக்கொண்டவர்கள், உளி பிடித்து மணிக்கட்டு மரத்துப்போனவர்கள் என்று எப்போதும் கூட்டம் இருக்கும். ஒரு நாள் அவரே ஆபீஸுக்கு வந்தார். செங்கல்பட்டில் அம்மா வீட்டுப் பக்கம் கிளினிக்கை மாற்றியிருப்பதாகவும், பழைய சைட்டுக்கு வருகிறவர்கள் புதுசுக்கு வரவேண்டும் என்றும் சொன்னார். தினமும் செய்கிற வேலை. தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “தற்காலிகமா மேடம், நிரந்தரமா?”

அவர் என் முகத்தையே பார்த்தார். புரியவில்லையோ என்று நினைத்து நான் விளக்கினேன். “இதுக்கு ரெண்டு எண் இருக்கு. 302ன்னா இப்போதைக்கு அங்கே போ, நாளைக்குத் திரும்பவும் இங்கேயே வந்து கேளுன்னு அர்த்தம். 301ன்னா இனிமே இங்கே வராதே, புது இடம்தான் வீடுன்னு அர்த்தம். அதைப் போட்டா பிரௌசரே ஞாபகம் வெச்சுக்கும். நாம மனசு மாறினாலும் அது சீக்கிரம் மறக்காது.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பார்த்தபடியே, “தற்காலிகம்னு போடுங்க” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டதே அதிகமோ என்று அன்றெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து போன். பின்னால் யாரோ ஒரு பேஷன்ட், “இப்ப கை தூக்க முடியுது டாக்டரு!” என்று சொல்வது கேட்டது. நளினியின் குரலில் அவசரம் இருந்தது, களைப்பு இல்லை. பழைய பேஷன்ட்கள் பாதிப்பேர் கடற்கரையிலிருந்து பஸ் ஏறி வருகிறார்களாம். உதவிக்கு ஒரு பெண்ணையும் சேர்த்திருக்கிறாராம். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். “அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே, யாரும் என்னை அவ்வளவு நேரா கேட்டதில்ல. எனக்கே அப்ப பதில் தெரியாது. இப்ப தெரியும். நிரந்தரம்னு மாத்திடுங்க.”

எல்லாம் பச்சை

சக துயர்வாசிகளே, 404க்குப் பயப்படாதீர்கள், 500க்கும் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது 200க்குத்தான். ‘எல்லாம் சரி’ என்று அர்த்தம். சதுரங்கப்பட்டினம் கலா அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கரையில் ஏலம் எடுத்த மீனைச் சுத்தம் செய்து, கேளம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளுக்குக் காலையில் வேனில் அனுப்புவது அவர் தொழில். முந்தின நாள் சைட்டில் ஆர்டர் போட்டுவிட வேண்டும், அது அக்காவின் மெயிலுக்கு வரும். திடீரென்று ஆர்டர் வருவது நின்றுபோனது. எங்களுக்குப் போன் செய்தார். கணேசன் அண்ணன் கண்காணிப்புத் திரையைப் பார்த்தார். எல்லாம் பச்சை, எல்லாம் 200. “நம்ம பக்கம் ஓகே, வியாபாரம் டல்லா இருக்கும்” என்றார். கலா அக்கா அதை நம்பிவிட்டார். ஏனென்றால் கடைசியாக ஒரு வீட்டில் நெத்திலி நொந்து கெட்டுப்போயிருந்தது என்று குறை சொல்லியிருந்தார்கள். அது எல்லா வீட்டுக்கும் பரவி, எல்லாரும் தன்னை விட்டுப் போய்விட்டார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். வேன் டிரைவரிடம், வேறு வேலை கிடைத்தால் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார்.

இதை அவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அவரிடம் வாங்கிக்கொண்டிருந்த எல்லாரும் ஒரே நாளில் நிறுத்துவார்களா? சைட்டில் போய் நானே ஒரு கிலோ சங்கராவுக்கு ஆர்டர் போட்டேன். ‘நன்றி! உங்கள் ஆர்டர் கிடைத்தது’ என்று மீன் படத்தோடு வந்தது. எண் 200. கலா அக்காவைக் கூப்பிட்டு, “ஏதாவது வந்துச்சா?” என்றேன். “இன்னா வரும்? ஒண்ணும் வரல” என்றார். கோளாறைப் பிடித்துவிட்டேன். அக்காவின் மெயில் பெட்டி நிரம்பி வழிந்து, எதையும் வாங்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆர்டர் வாங்கும் நிரலோ, மெயில் போனதா போகவில்லையா என்று பார்க்காமலேயே எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. நல்லவேளை, வந்த ஆர்டர் எதுவும் அழியவில்லை. எல்லாம் சர்வரிலேயே வரிசையில் காத்துக்கொண்டிருந்தன. கணேசன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. “பச்சையைப் பார்த்தே பழகிட்டோம் தேவி” என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே பைக்கை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனார்.

கரையில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, அண்ணன் தன் போனைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, கலா அக்கா, “இவங்களும் கேட்டாங்களா? இவங்களுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நெத்திலிக்குக் குறை சொன்ன வீடும் அந்த வரிசையில் இருந்தது. ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப ஆர்டர் போட்டிருந்தார்கள். அக்கா முதலில் கூப்பிட்டது அந்த வீட்டைத்தான். விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டார்: “நான் நெத்திலியைப் பத்தி ஏதோ சொல்லப்போய் நீதான் கோச்சுக்கிட்டியோன்னு நாங்க இங்க தவிச்சிட்டிருக்கோம் கலா!”

கிடைத்துவிட்டார்

திருப்போரூரிலிருந்து மீனா என்ற பெண் மூச்சிரைக்க மாடியேறி வந்தது ஒரு மத்தியான நேரம். அவருடைய அப்பா தணிகாசலத்துக்கு ஞாபகம் அவ்வப்போது தப்பிப்போகும். காலையில் கடைக்குப் போனவர் ஏதோ பஸ்ஸில் ஏறிவிட்டார். போலீஸில் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பக்கம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். இருந்த வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, போட்டோ, உடுத்தியிருந்த கட்டம் போட்ட சட்டை, மீனாவின் எண் எல்லாம் வைத்து ஒரு பக்கம் செய்தோம். அதன் முகவரி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. மறுநாள் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் பெண் ஒருவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மீனாவைக் கூப்பிட்டார். நாங்கள் ஆபீஸில் ஜிலேபி வாங்கிச் சாப்பிட்டோம்.

கதை அங்கே முடியவில்லை. பல மாதம் கழித்து மீனா மறுபடி வந்தார். முகத்தில் சோர்வு. அந்தப் பக்கம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போனால் யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்து, “பெரியவர் கிடைச்சுட்டாரு” என்று மீனாவுக்குப் போன் செய்கிறார்கள். கோயில் குளக்கரையில் நடந்தால் நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்பா வீட்டுக்கு வந்து, “நான் மறுபடியும் தொலைஞ்சுட்டேனா மீனா?” என்று பயந்து கேட்கிறார். வெளியே போகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தை அழித்துவிடுங்கள் என்றார் மீனா. வெறுமனே அழித்தால் 404. ‘இங்கே இல்லை’ என்று மட்டும் சொல்லும். எப்போதாவது இருந்ததா, இனி வருமா, ஒன்றும் சொல்லாது. முகவரிதான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு, போட்டோவை மட்டும் திரும்ப அனுப்புவார்கள். அதனால் நான் 410 போட்டேன். ‘இருந்தது. நாங்களேதான் எடுத்துவிட்டோம். இனி வராது’ என்று அர்த்தம். கணேசன் அண்ணன், “ரெண்டுக்கும் யாருக்கு வித்தியாசம் தெரியப்போவுது?” என்றார். கூகுளுக்குத் தெரியும் என்றேன். மனிதர்களுக்குத் தெரிவதற்காக, அந்த 410 பக்கத்திலேயே தணிகாசலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சிரிக்கும் புதுப் போட்டோவையும், ‘கிடைத்துவிட்டார். வீட்டில் நலமாக இருக்கிறார். தேடிய எல்லாருக்கும் நன்றி’ என்ற வரியையும் வைத்தேன்.

பழைய பக்கம் போன வழியிலேயே, ஊர் ஊராக, இதுவும் போனது. போன்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. போன வாரம் மீனா பேசினார். அப்பா மறுபடி சாயங்காலம் டீக்கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டாராம். தன்னுடைய புதுப் போட்டோவை அச்செடுத்து சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறாராம். விஷயம் தெரியாத யாரோ ஒருவர் அன்று அவர் கையைப் பிடித்தபோது, தணிகாசலம் பயப்படவில்லை. போட்டோவை எடுத்து நீட்டி, அவரையே உட்காரச் சொல்லி, டீயும் சொல்லிவிட்டுச் சொன்னாராம்: “தேட வேணாம் நைனா, நான் வூட்லதான் கீறேன்.”

இத்தனை பேருக்கு இத்தனை எண்களை இத்தனை விதமாக விளக்கிவிட்டேன், ஆனால் எங்கள் ஆபீஸின் சொந்த வெப்சைட் மட்டும் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ‘விரைவில் வருகிறோம்’ என்று 200ஓடு சொல்லிக்கொண்டே இருக்கிறது.